டெசல் பட்டம் கையில், மலேசியக் கடப்பிதழ் பையில்: வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை தேட முழு வழிகாட்டி

பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வருடா வருடம் சில பிள்ளைகளாவது டெசல் பட்டத்தோடு, அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பட்டத்தோடு, வெளியே வருகிறார்கள். சிலர் தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், சிலர் ஆசிரியர் கல்விக் கழகத்தில், சிலர் பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கித் தனியார் பல்கலைக்கழகத்தில். பட்டம் கைக்கு வந்த வாரமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். அரசாங்க வேலை எப்போது வரும், அதுவரை சும்மா இருப்பதா, துபாயில் மாமா மகன் இருக்கிறானே, அங்கே இங்கிலீஷ் டீச்சருக்கு நல்ல சம்பளமாமே.

சம்பளம் நல்லதுதான். ஆனால் இதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்கக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிக்கும்) கோர்ஸ் முடித்தால் எந்த நாட்டுக்கும் போகலாம் என்பார்கள். அது அவர்களுக்குப் பொருந்தும். நம் பிள்ளைகளுக்கு வேலையைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: எந்த நாடு மலேசியக் கடப்பிதழை ஏற்கிறது, வகுப்பறையில் நீங்கள் எவ்வளவு காலம் நின்றிருக்கிறீர்கள். சான்றிதழ் அதற்கு அப்புறம்தான். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன.

படி 1: கிளம்ப முடியுமா என்று பாருங்கள்

ஆசிரியர் கல்விக் கழகத்தில் அரசாங்கச் செலவில் படித்தவர்கள் கல்வி அமைச்சுடன் ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள். அலமாரியில் கிடக்கும் அந்தப் பத்திரத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். சேவைக் காலத்தை முடிக்காமல் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், ஜாமீன் கையெழுத்து போட்டவர் யார் என்று பாருங்கள். நீங்கள் ஹனோயில் இருக்கும்போது கடிதம் அப்பா பெயருக்கு வரக்கூடாது.

பிடிபிடிஎன் கடன் வெளிநாடு போனாலும் கூடவே வரும். முதல் வகுப்பு ஹானர்ஸ் வாங்கியவர்கள் தங்களுக்கு விலக்கு உண்டா என்று பார்த்து விண்ணப்பிக்கலாம். அதைச் செய்யாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். மற்றவர்கள் மாதத் தவணையை மலேசிய வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். தனியார் கல்லூரியில் படித்தவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு: உங்கள் பட்டம் மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு பின்னால் சான்றளிப்புக்கு அலைவது வீண்.

படி 2: நாடுகளைப் பிரியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: கதவு மூடிய நாடுகள், இப்போதே திறந்திருக்கும் நாடுகள், அனுபவம் வந்த பிறகு திறக்கும் நாடுகள்.

முதலில் மூடியவை. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கு உரியது. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது மாறாது. ஜப்பான் வேறு மாதிரி கேட்கிறது. அங்கே மொழி கற்பிக்கும் விசாவுக்கு, தாய்மொழியாளர் அல்லாதவர் 12 ஆண்டுகள் அந்த மொழி வழியிலேயே படித்திருக்க வேண்டும். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய் வழி இடைநிலைப்பள்ளி என்று வந்த நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சீனாவும் ஆங்கில ஆசிரியர் வேலை அனுமதியை முக்கியமாகத் தாய்மொழி நாட்டவருக்கே தருகிறது. அதோடு 2021 ஜூலையில் அந்த அரசு டியூசன் தொழிலுக்குப் போட்ட கட்டுப்பாட்டில் பயிற்சி மையங்கள் ஏராளமாக மூடப்பட்டன. வெளிநாட்டிலிருந்தபடியே சீனப் பிள்ளைகளுக்கு இணையத்தில் சொல்லிக்கொடுத்த வேலையும் அதோடு போயிற்று. இந்த நாடுகளுக்கு "எப்படியாவது" அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த எப்படியாவது என்பது மாணவர் விசாவாகவோ சுற்றுலா விசாவாகவோ இருக்கும். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுபவர் நீங்கள்தான், ஏஜெண்ட் இல்லை.

இப்போதே திறந்திருப்பவற்றில் வியட்நாமை முதலில் வைப்பேன். பட்டம், கற்பித்தல் சான்றிதழ், போலீஸ் நற்சான்று, மருத்துவச் சோதனை ஆகியவை இருந்தால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஹோ சி மின் நகரிலும் ஹனோயிலும் மொழி மையங்கள் ஏராளம். அவை வருடம் முழுவதும் ஆள் எடுக்கின்றன. ஒரு கசப்பான விஷயமும் உண்டு. வெள்ளை முகம் வேண்டும் என்று விளம்பரத்திலேயே கூச்சமில்லாமல் போடும் மையங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். நாடகம் போடாமல் பாடம் நடத்துகிறவர்களைத் தேடும் பள்ளிகளும் அங்கேதான் இருக்கின்றன.

தாய்லாந்து நமக்குப் பக்கம். பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் அங்கே நிறையப் பேர் வேலை செய்வதால், தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர் என்பது பள்ளிகளுக்குப் பழக்கமான விஷயம். தாய்மொழியாளர் அல்லாதவரிடம் டோயிக் போன்ற ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள்; 600 என்பது பலகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் எல்லை. நான்-இமிகிரண்ட் பி விசா, வேலை அனுமதி, தாய்லாந்து ஆசிரியர் மன்றத்தின் உரிமம் அல்லது தற்காலிக விலக்கு என்று மூன்றும் தேவை. சம்பளத்தில் பாகுபாடு உண்டு: ஒரே பள்ளியில் ஒரே வகுப்பு எடுத்தாலும் வெள்ளைக்கார ஆசிரியரைவிடக் குறைவாகவே நமக்குத் தருவார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஒரு வருட அனுபவத்துக்கு நல்ல இடம். தெரியாமல் போனால் மனம் ஒடிந்துவிடும். பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்குவதால் பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மாலத்தீவை நம் ஊரில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அங்கே பள்ளிகள் ஆங்கில வழியில் நடக்கின்றன. வெளிநாட்டு ஆசிரியர்களை நம்பித்தான் பல தீவுகளில் வகுப்பே நடக்கிறது, அவர்களில் இந்தியர் அதிகம். டெசல் கல்வியியல் பட்டம் அங்கே நேரடியாகப் பொருந்தும். சின்னத் தீவில் ஒரே கடை, ஒரே படகுத்துறை என்று வாழ வேண்டியிருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை என்பது என் கருத்து. பட்டணத்துப் பிள்ளைகள்தான் சோர்ந்துபோவார்கள்.

சிங்கப்பூருக்குப் போக நினைக்கிறவர்கள் கணக்கை முதலில் பாருங்கள். எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற உயர்நிலை வேலை அனுமதிக்கு 2025 தொடக்கத்திலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி. வயது ஏற ஏற அந்த எல்லையும் ஏறும், அதற்கு மேல் புள்ளி முறையும் உண்டு. புதிய ஆசிரியருக்கு டியூசன் மையம் அவ்வளவு தராது. பாலர் பள்ளிகளும் மையங்களும் அதற்கு அடுத்த நிலையான எஸ் பாஸில் அல்லது வேறு அனுமதியில் எடுக்கலாம். அது அந்த நிறுவனத்துக்கு மீதி இருக்கும் ஒதுக்கீட்டைப் பொறுத்தது. ஆகவே நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த பாஸ் என்பதுதான்.

மூன்றாவது பத்திக்கு வருவோம். வளைகுடா நாடுகளில் வருமான வரி இல்லை, வீடு அல்லது வீட்டுப்படி கிடைக்கும், ஆனால் பெரும்பாலான பள்ளிகள் இரண்டு வருட அனுபவம் கேட்கும். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் கடப்பிதழைப் பார்க்கும். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளிகள் பார்ப்பதில்லை. அங்கே ஆங்கிலம் கற்பிப்பவர்களே கேரளத்துக்காரர்களும் தமிழ்நாட்டுக்காரர்களும்தான். சம்பளம் பிரிட்டிஷ் பள்ளியைவிடக் குறைவு, ஆனால் உள்ளே நுழைய நல்ல வழி. அந்தப் பள்ளிகளின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கும், மற்றவை ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில். ஹாங்காங்கில் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை எடுக்க 1998-இல் தொடங்கிய நெட் திட்டம் தாய்மொழியாளர் "அல்லது அதற்கு இணையான திறன்" உள்ளவர் என்று சொல்கிறது. அந்த "அல்லது" நமக்கான இடம், ஆனால் அனுபவம் இல்லாமல் அதில் நுழைவது கடினம். ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆசிரியராக விரும்பினால் ஆசிரியர் தகுதியைச் சரிபார்க்கும் ஐட்ஸ்ல் அமைப்பின் மதிப்பீட்டுக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் பிரிவில் கேட்டல், பேசுதல் இரண்டிலும் 8, வாசிப்பு, எழுத்து இரண்டிலும் 7 வேண்டும். முதல் முயற்சியில் இதைத் தொடுபவர்கள் குறைவு. பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: ஊரிலேயே அனுபவம் சேருங்கள்

"சார், வேலை கிடைத்தால்தானே அனுபவம், அனுபவம் இருந்தால்தானே வேலை?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேடும் இடங்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

சிறந்த வழி, ஈப்போவிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஓர் அனைத்துலகப் பள்ளியில் துணை ஆசிரியராகவாவது நுழைவது. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் அங்கே வேலை செய்பவர்கள் வியட்நாமிலும் கத்தாரிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், அடுத்து வேறு நாட்டுக்குப் போகப் போகிறவர்கள். அவர்களில் ஒரு துறைத் தலைவர் உங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டு எழுதித்தரும் இரண்டு வரி, எந்த டெஃபல் சான்றிதழையும்விட அதிக தூரம் போகும். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் நிறைந்த உலகம் அது.

இரண்டாவது வழி, டீச் ஃபார் மலேசியா. இரண்டு வருடத் திட்டம், வசதி குறைந்த பள்ளிகளில் முழுநேர வகுப்பு. இரண்டு வருடம் என்பது வளைகுடாப் பள்ளிகள் கேட்கும் அதே இரண்டு வருடம். அரசுப் பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தாலும் விடாதீர்கள். கோலாலம்பூர், பினாங்கில் அகதிப் பிள்ளைகளுக்கு நடக்கும் கற்றல் மையங்களும் ஆசிரியர்களை எதிர்பார்க்கின்றன. ஒரே வகுப்பில் நாலு மொழி பேசும் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திப் பழகியவருக்கு எந்த நாட்டு வகுப்பும் பயமாக இருக்காது.

டியூசன் மையத்தில் வேலை செய்தால் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு வருவதோடு நிற்காதீர்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு அறிக்கை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வயதுப் பிள்ளைகள் என்று குறிப்பிட்ட கடிதம் ஆகியவை இருந்தால்தான் அது அனுபவம். வெளிநாட்டு மனிதவளத் துறைக்கு வாய்வார்த்தை தெரியாது. சேமநிதி அறிக்கையை யாரும் மறுக்க முடியாது, அதில் மாதம் மாதமாக முதலாளி கட்டிய சந்தா இருக்கும்.

பெரியவர்களுக்குக் கற்பித்த அனுபவம் வேண்டுமென்றால் ப்ரெப்ளி, ஐடாக்கி போன்ற தளங்களில் கணக்குத் தொடங்கலாம். அவை எந்த நாட்டு ஆசிரியரையும் ஏற்கின்றன. ஆரம்பத்தில் மணிக்குக் கிடைக்கும் காசு சிரிப்பு வரவழைக்கும், போகட்டும், அனுபவத்துக்குத்தானே.

படி 4: எந்தச் சான்றிதழ், எந்தத் தேர்வு

டெசல் கல்வியியல் பட்டம் உள்ளவர்களுக்கு மலிவான இணைய டெஃபல் சான்றிதழ் கூடுதலாக எதையும் கற்றுத்தராது. ஆனால் சில நாடுகளின் விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், பட்டத்தை வைத்து அதை நிரப்ப அதிகாரி ஒப்புக்கொள்ளாமல் போகலாம். விண்ணப்பிக்கும் பள்ளியிடம் கேட்டுவிட்டு, தேவையானால் மட்டும் எடுங்கள். கேம்பிரிட்ஜின் ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழான செல்டா வேறு ரகம். குறைந்தது 120 மணி நேரம், அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் மதிப்பிடப்படும் வகுப்பு. முழுநேரமாக நான்கைந்து வாரத்தில் முடியும், இணைய வழியிலும் எடுக்கலாம். பல ஆயிரம் வெள்ளி செலவாகும். பிஸினஸ், கம்ப்யூட்டர் போன்ற வேறு துறையில் பட்டம் வாங்கி ஆங்கிலம் கற்பிக்க வருகிறவர்களுக்கு அந்தச் செலவு தகும். டெசல் படித்தவர்கள் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் மையங்களைக் குறிவைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூவெட்டின் மதிப்பெண்ணை வெளிநாட்டுப் பள்ளிகளுக்குத் தெரியாது. ஐஇஎல்டிஎஸ் எழுதுங்கள், ஆனால் அதன் ஆயுள் இரண்டு வருடம்தான். விண்ணப்பிக்கும் வருடத்தில் எழுதுவதே புத்திசாலித்தனம். நம் கல்வி அமைச்சு ஆங்கில ஆசிரியர்களிடம் எதிர்பார்க்கும் சிஇஎஃப்ஆர் (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோல்) சி1 தரத்தை நீங்கள் ஏற்கெனவே எட்டியிருந்தால் அந்தச் சான்றையும் விண்ணப்பத்தில் இணையுங்கள். சிஇஎஃப்ஆர் அளவுகோல் எல்லா நாட்டுக்கும் புரியும்.

படி 5: காகிதங்கள்

இதற்கு மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும், வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் வேலை கைவிட்டுப் போகும்.

முதலில் பெயர். பட்டத்தில் ஒரு விதமாக, கடப்பிதழில் இன்னொரு விதமாக எழுத்து இருப்பது நம்மவர்களிடம் மிகச் சாதாரணம். அதோடு அப்பா பெயருக்கு முன் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்). வெளிநாட்டு விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், சாய்கோட்டை அது ஏற்காது. ஒருத்தர் ஏ/பியை நடுப்பெயராகப் போடுவார், இன்னொருத்தர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார், விசாவிலும் விமான டிக்கெட்டிலும் வெவ்வேறு ஆளாகிவிடுவீர்கள். கடப்பிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் எழுதுங்கள், பள்ளியின் விசா அலுவலரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். பட்டத்தில் எழுத்துப் பிழை இருந்தால் பல்கலைக்கழகத்திடம் திருத்தம் கேளுங்கள். முடியாவிட்டால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பத்திரம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சான்றளிப்பு. பட்டமும் மதிப்பெண் பட்டியலும் முதலில் உயர்கல்வி அமைச்சிடம் போக வேண்டும், அப்புறம் புத்ராஜெயாவில் விஸ்மா புத்ரா என்ற வெளியுறவு அமைச்சின் தூதரகப் பிரிவு, அப்புறம் கோலாலம்பூரில் நீங்கள் போகும் நாட்டின் தூதரகம். ஐக்கிய அரபு அமீரகம் என்றால் அங்கே இறங்கிய பிறகு அவர்களுடைய வெளியுறவு அமைச்சிலும் ஒரு முத்திரை. வியட்நாமில் இதோடு வியட்நாமிய மொழிபெயர்ப்பும் வேண்டும். ஒவ்வொரு படியும் முந்தைய முத்திரையைத்தான் பார்க்கும், இடையில் ஒன்றை விட்டால் திரும்ப முதலிலிருந்து. சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் புத்ராஜெயா. முன்பதிவு தேவையா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் பயணம் வீணாகக்கூடாது.

நற்சான்றிதழ் வாங்க போலீஸ் நிலையத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. அதை வழங்குவது வெளியுறவு அமைச்சு. இ-கொன்சுலர் தளத்தில் விண்ணப்பித்து 20 வெள்ளி கட்ட வேண்டும். சில வாரங்கள் ஆகும். பல நாடுகள் ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்றுதான் கேட்கும் என்பதால் இதை மட்டும் மிக முன்கூட்டியே எடுக்காதீர்கள். கடப்பிதழில் குறைந்தது ஒன்றரை வருடமாவது மீதி இருக்கட்டும். இல்லையென்றால் இப்போதே புதுப்பியுங்கள். அரசாங்கச் சேவைகள் ஒரே இடத்தில் கிடைக்கும் ஈப்போ யூடிசியிலேயே குடிநுழைவுத் துறை இருக்கிறது.

படி 6: விண்ணப்பம்

சுயவிவரம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குடியுரிமை மலேசியா என்று மேலேயே எழுதுங்கள். மறைத்துவிட்டு நேர்காணல்வரை போவதில் பயனில்லை. தாய்மொழியாளர் என்று பொய்யும் எழுத வேண்டாம். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரியும், அதில் ஆங்கிலத்தை வகுப்பறையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன் என்பதைத் தைரியமாகப் போடுங்கள். வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளை எங்கே தடுமாறும் என்பது உங்களுக்கு உள்ளிருந்து தெரியும்; மொழி மையத்துக்கு வருகிற வியட்நாமியப் பிள்ளையும் அந்தப் பிள்ளைதான்.

"டியூசன் ஆசிரியர், 2 வருடம்" என்று எழுதினால் ஒன்றும் புரியாது. எந்த வயது, எந்த சிஇஎஃப்ஆர் நிலை, வகுப்பில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை மணி, எந்தப் பாடநூல் என்று எழுதுங்கள். இரண்டு நிமிட அறிமுகக் காணொளி ஒன்றை எடுத்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில், வெறும் சுவர் பின்னணியில், சேவல் கூவாத நேரமாகப் பார்த்து.

வேலை தேட தாய்லாந்துக்கு அஜார்ன் தளம், பொதுவாக டேவ்ஸ் ஈஎஸ்எல் கஃபே, பள்ளி வேலைகளுக்கு டெஸ். இவற்றைவிட எனக்குப் பிடித்த வழி, பள்ளிகளின் பட்டியலை எடுத்து அவற்றின் சொந்தத் தளத்தில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கத்துக்கு நேராக எழுதுவது. மெதுவான வழிதான், ஆனால் நடுவில் யாரும் இல்லை.

படி 7: மாதிரி வகுப்பு

நேர்காணலில் பெரும்பாலும் இருபது நிமிட மாதிரி வகுப்பு கேட்பார்கள், இப்போது அதிகமும் காணொளி அழைப்பில். நம் பிள்ளைகள் விழும் இடம் இதுதான். காரணம், விளக்கிக்கொண்டே போவார்கள். பள்ளியில் நமக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், பழக்கம் விடுவதில்லை.

ஓர் உதாரணம் தருகிறேன். "யூஸ்ட் டு" என்ற அமைப்பைக் கற்பிக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். விதியைச் சொல்லித் தொடங்க வேண்டாம். பால் மரம் வெட்டும் ஒருவரின் பழைய படத்தைக் காட்டுங்கள். "மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு டேப் ரப்பர்" என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். பிறகு மூன்று கேள்வி: முன்பு வெட்டினாரா? இப்போதும் வெட்டுகிறாரா? ஒரே ஒரு நாளா, பல நாளா? இந்த மூன்றுக்கும் மாணவர் சரியாகப் பதில் சொன்னால் பொருள் விளங்கிவிட்டது. "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லா நாட்டுப் பிள்ளையும் தலையாட்டும், அதனால் அந்தக் கேள்வியை நேர்காணலில் ஒரு தடவைகூடக் கேட்காதீர்கள். அப்புறம் வடிவம், உச்சரிப்பு: "யூஸ்ட்" என்பதன் கடைசி ஒலி "டு"வோடு கலந்துவிடுவதைச் சொல்ல வைத்துக் காட்டுங்கள். பாதி நேரம் முடிவதற்குள் மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியைப் பற்றித் தாங்களே பேசிக்கொண்டிருக்க வேண்டும். நேர்காணல் செய்பவர் உங்கள் பேச்சு நேரத்தையும் மாணவர் பேச்சு நேரத்தையும்தான் மனத்துக்குள் அளந்துகொண்டிருப்பார்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டாம், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். மலேசிய உச்சரிப்பு தெளிவாக இருந்தால் போதும். கவனிக்க வேண்டியவை சில: "வி" ஒலியும் "டபிள்யூ" ஒலியும் ஒன்றாகிவிடுவது, "திங்க்" என்பது "டிங்க்" ஆவது, சொல்லில் அழுத்தம் தவறான இடத்தில் விழுவது. வாக்கியத்தில் "ஆல்ரெடி"யும் "லா"வும் ஒட்டிக்கொள்வது, விளக்கைப் போடுவதற்கு "ஓபன் த லைட்" என்பது. இவை நம் கடைத்தெருவில் தவறே இல்லை, மாதிரி வகுப்பில் மட்டும் வேண்டாம். உங்கள் வகுப்பைக் கைபேசியில் பதிவு செய்து, ஒரு நாள் கழித்துக் கேட்டுப் பாருங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

ஏஜெண்டும் ஆபத்தும்

மலேசியாவில் வேலைவாய்ப்பு ஏஜென்சி நடத்த 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் சட்டப்படி தொழிலாளர் துறையின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், அது வெளிநாட்டு வேலைக்கும் செல்லுமா என்று தொழிலாளர் துறையிடமே விசாரியுங்கள். எண் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நல்ல பள்ளிகள் ஆள் தேடித் தரும் நிறுவனத்துக்குத் தாங்களே பணம் தருகின்றன. அமீரகத்தில் வேலை தேடுபவரிடம் ஆளெடுப்புக் கட்டணம் வாங்குவதே சட்டத்துக்குப் புறம்பு. எனவே அம்மாவின் தாலிக்கொடியை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தால் அது வேலை இல்லை, வியாபாரம்.

இன்னும் மோசமானது ஒன்று. 2022 முதல் மியன்மார், கம்போடியா மோசடி முகாம்களில் மலேசிய இளைஞர்கள் சிக்கி, வெளியுறவு அமைச்சு அவர்களை மீட்டுவந்த செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர்களில் பலர் தாய்லாந்தில் நல்ல வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள். விமானம் பேங்காக்கில் இறங்கும், பிறகு வண்டியில் மியன்மார் எல்லையில் உள்ள மேசோட். மாதிரி வகுப்பே கேட்காமல் வேலை, சந்தை விலைக்கு இரண்டு மடங்கு சம்பளம், டெலிகிராமில் மட்டும் பேச்சு, பள்ளியின் முகவரி கேட்டால் மழுப்பல்: இவற்றில் இரண்டு சேர்ந்தாலே விலகிவிடுங்கள். பள்ளியின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு, அந்தப் பெயரில் அங்கே ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள், நேரம் கடந்தால் வங்கியால் நிறுத்த முடியாது.

"முதலில் சுற்றுலாவாக வா, விசாவை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று தாய்லாந்தில் ஒழுங்கான பள்ளிகள்கூடச் சொல்வதுண்டு. 2025 முதல் தாய்லாந்து விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் அந்தச் சாக்குக்கு இப்போது இடமில்லை. விசா கைக்கு வந்த பிறகே பயணம்.

படி 8: ஒப்பந்தம்

கையெழுத்து போடுமுன் இரண்டு நாள் கேளுங்கள். தராத முதலாளியிடம் போக வேண்டாம். படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வகுப்பு நேரம் எவ்வளவு, பள்ளியில் இருக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்பது. வாரத்துக்கு 25 மணி நேர வகுப்பு என்றால் தயாரிப்பும் திருத்தமும் சேர்ந்து நாள் முழுதும் போய்விடும். வீடு தருகிறார்களா, எத்தனை பேர் பகிர வேண்டும்? விசாச் செலவு, விமானக் கட்டணம், மருத்துவக் காப்பீடு யாருடையது? நடுவில் விலகினால் அபராதமா? விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்தவர்கள்தான் ஏப்ரல் மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் தவிக்கிறார்கள்.

அமீரகத்தில் தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது; ஒரு வருடமாவது வேலை செய்து விலகினால், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். அது அடிப்படைச் சம்பளத்தின் கணக்கு என்பதால், ஒப்பந்தத்தில் அடிப்படை எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். சிலர் அடிப்படையைச் சின்னதாகக் காட்டுவார்கள். கடப்பிதழை யார் கேட்டாலும் பதிவுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிடுங்கள். பள்ளி அலமாரியில் அது தூங்கக்கூடாது.

படி 9: கிளம்பும் மாதம்

முதல் சம்பளம் வரும்வரை இரண்டு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும், வீட்டு முன்பணம் தனி. அதை வேலை கிடைத்த பிறகு சேர்க்க முடியாது. ஊரில் டியூசன் எடுக்கும்போதே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஊழியர் சேமநிதியில் வெளிநாட்டிலிருந்தும் சுயமாகச் சந்தா கட்டலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளிவரை. வெளிநாட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஓய்வூதியம் இருக்காது, அதனால் சின்னத் தொகையானாலும் முதல் மாதத்திலிருந்தே போடுங்கள்.

வீட்டில், முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் வீட்டில், சம்மதம் பெரிய விஷயம். தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயமாகத்தான் இருக்கும், அதைச் சிறுபிள்ளைத்தனமாக நினைக்காதீர்கள். பள்ளியின் பெயர், முகவரி, முதல்வரின் தொலைபேசி எண், தங்கும் இடம், ஒப்பந்த நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வீட்டில் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு மலேசியரையோ இந்தியரையோ காணொளியில் அம்மாவோடு பேச வைத்தால் பாதிப் பயம் போய்விடும். போய் இறங்கிய வாரமே இ-கொன்சுலர் தளத்தில் நீங்கள் இருக்கும் முகவரியைப் பதிந்துவிடுங்கள்; ஏதாவது ஒன்று நடந்தால் தூதரகம் தேடும் பட்டியல் அதுதான்.

அங்கே முதல் ஆறு மாதம் வகுப்பைத் தவிர வேறு எதையும் மாற்ற முயல வேண்டாம். ஒவ்வொரு பருவமும் ஒரு வகுப்பைத் துறைத் தலைவர் வந்து பார்க்கும்படி நீங்களே கேளுங்கள், அவர் எழுதும் குறிப்பை வாங்கி வையுங்கள். அடுத்த ஆகஸ்டுக்கு ஆள் எடுக்கும் பள்ளிகள் ஜனவரியிலேயே தேடத் தொடங்கிவிடும். எனவே இரண்டாம் ஆண்டு டிசம்பரில், ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கும்போதே, முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தைப் பள்ளி முத்திரையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். முதல்வர்களும் அடிக்கடி வேறு நாட்டுக்கு மாறிப் போகிறவர்கள்தான்.